சில்வர்லைட்: பாலிசி ஃபைல் 200 என்று வந்த பிறகும் டேட்டா கோரிக்கை கிளம்பவில்லை

(சில்வர்லைட் என்பது பிரவுசருக்குள் அப்ளிகேஷன் ஓட்ட மைக்ரோசாஃப்ட் தந்த செருகுநிரல்; ஃப்ளாஷும் அதுபோன்றதே. இரண்டும் புழக்கத்திலிருந்த காலத்து உரையாடல் இது. ஃப்ளாஷின் ஆதரவு 2020-லும் சில்வர்லைட்டின் ஆதரவு 2021-லும் நின்றன.)

நிரல்நேயன்:
வணக்கம் நண்பர்களே. சில்வர்லைட் 4-ல் எழுதிய அப்ளிகேஷன், எங்கள் சர்வரிலுள்ள பக்கத்தில் ஓடுகிறது. வெளி நிறுவனம் ஒன்று தரும் வானிலை டேட்டாவை வெப்கிளையன்ட் (இணையக் கோரிக்கை அனுப்பும் கிளாஸ்) வழியாக எடுக்க வேண்டும். அந்த முகவரியை பிரவுசரில் நேராகத் தட்டினால் எக்ஸ்எம்எல் ஒழுங்காக வருகிறது. அப்ளிகேஷனிலிருந்து கேட்டால், ரிசல்ட்டைத் தொட்டவுடன் டார்கெட்இன்வொகேஷன்எக்செப்ஷன் என்ற பிழை. அதைப் பிரித்தால் உள்ளே செக்யூரிட்டிஎக்செப்ஷன், அதாவது பாதுகாப்புத் தடை.

ஃபிட்லரில் (இணையக் கோரிக்கைகளைக் காட்டும் கருவி) தெரிவது இவ்வளவுதான்: முதலில், எந்தத் தளத்து அப்ளிகேஷனுக்கு அனுமதி என்று சொல்லும் பாலிசி ஃபைலான கிளையன்ட்ஆக்சஸ்பாலிசி.எக்ஸ்எம்எல், 404 (கிடைக்கவில்லை). அடுத்து இன்னொரு பாலிசி ஃபைலான கிராஸ்டொமைன்.எக்ஸ்எம்எல், 200 (கிடைத்தது). பிறகு ஒன்றுமே இல்லை. அந்த ஃபைலில் மூன்று டொமைன்கள் இருக்கின்றன, எங்களுடையதும் அதில் ஒன்று. எங்கள் பழைய ஃப்ளாஷ் விட்ஜெட் இதே டேட்டாவைச் சிக்கலில்லாமல் எடுக்கிறது. எங்கே தப்பு? அவர்கள் ஃபைலை மாற்றவே மாட்டார்கள் என்றால் வேறு என்ன செய்யலாம்?

வலைநெசவாளி:
உங்கள் கோடில் தப்பில்லை. கிராஸ்டொமைன்.எக்ஸ்எம்எல் ஃப்ளாஷுக்காக வந்த ஃபைல். ஃப்ளாஷ் அதிலுள்ள டொமைன் பட்டியலை ஒவ்வொன்றாகப் பார்த்து அனுமதிக்கும். சில்வர்லைட் அவ்வளவு தூரம் போகாது. டொமைன் இடத்தில் வெறும் * இருந்து, மொத்தத் தளமும் எல்லோருக்கும் திறந்திருந்தால்தான் அந்த ஃபைலை ஏற்கும். பெயர் குறிப்பிட்ட பட்டியல் இருந்தால் 'அனுமதி இல்லை' என்றே எடுத்துக்கொள்ளும். அதனால்தான் 200-க்குப் பிறகு மௌனம்.

முதலில் அவர்களிடம் கிளையன்ட்ஆக்சஸ்பாலிசி.எக்ஸ்எம்எல் ஒன்று வைக்கச் சொல்லிக் கேளுங்கள். அதில் உங்கள் டொமைனை மட்டும் எழுதினால் போதும், எல்லோருக்கும் திறக்க வேண்டியதில்லை. பத்து வரிதான்.

இன்னொன்றையும் பாருங்கள்: உங்கள் ஸாப் ஃபைல் (சில்வர்லைட் அப்ளிகேஷன் அடங்கிய தொகுப்பு) எங்கே இருக்கிறது? சில்வர்லைட் 'சொந்த ஊர்' என்று நினைப்பது ஸாப் இறங்கிய டொமைனை. பக்கம் இருக்கும் டொமைனை அல்ல. ஸாப்பை சிடிஎன்னில் (ஃபைல்களை விநியோகிக்கும் வெளி சர்வர்கள்) போட்டிருந்தால், அனுமதிப் பட்டியலில் சிடிஎன்னின் பெயர் இருக்க வேண்டும். அப்போது உங்கள் சொந்த சர்வர்கூட அதற்கு வெளியூர்தான்.

கணினிக்குருவி:
அவர்கள் மாற்ற மாட்டார்கள் என்றால், நடுவில் நின்று டேட்டாவை வாங்கித் தரும் ப்ராக்ஸிதான் சரியான வழி. உங்கள் சர்வரில் ஒரு ஏஎஸ்எச்எக்ஸ் ஹேண்ட்லர் (கோரிக்கைக்குப் பதில் தரும் சிறு நிரல்) எழுதுங்கள். அது எச்டிடிபிவெப்ரிக்வெஸ்ட் மூலம் அங்கே போய் எடுத்து, வந்ததை அப்படியே திருப்பித் தரட்டும். சில்வர்லைட் உங்கள் ஹேண்ட்லரை மட்டும் கூப்பிடும். ஒரே டொமைன், பாலிசி ஃபைலே வேண்டாம்.

ஆனால் முழு முகவரியையும் க்வெரி ஸ்ட்ரிங்கில் (முகவரியில் ? குறிக்குப் பின் வரும் பகுதி) வாங்கி, அதை அப்படியே போய் எடுக்கும் ஹேண்ட்லரைத் தயவுசெய்து எழுதாதீர்கள். இணையத்தில் கிடைக்கும் உதாரணங்கள் பல அப்படித்தான் இருக்கின்றன. அந்தக் கதவு வழியாக யார் வேண்டுமானாலும் உங்கள் உள் நெட்வொர்க்கிலிருக்கும் சர்வர்களை எட்டிப் பார்க்கலாம். ஹோஸ்டையும் பாதையையும் கோடிலேயே கட்டிவையுங்கள். வெளியிலிருந்து ஊரின் குறியீடு மட்டும் வரட்டும், அதையும் சரிபார்த்த பிறகே சேருங்கள்.

கேச் (வாங்கியதைச் சிறிது நேரம் சேமித்து வைப்பது) அவசியம். இதுவரை ஒவ்வொரு பயனரின் ஐபியிலிருந்தும் தனித்தனியாகப் போயிருக்க வேண்டிய கோரிக்கைகள் இனி உங்கள் சர்வரின் ஒரே ஐபியிலிருந்து போகும். அவர்கள் வரம்பு வைத்திருந்தால் சீக்கிரம் முட்டும். வானிலைக்குப் பத்து நிமிடம் தாராளம். டைம்அவுட்டும் வையுங்கள், இயல்பு மதிப்பான 100 நொடி இதற்கு மிக அதிகம், 10 போதும்.

மௌனராகம்:
அவர்கள் ஜேசான்பி (டேட்டாவை ஸ்கிரிப்டாகச் சுற்றித் தரும் முறை) தருகிறார்களா? தந்தால் எச்டிஎம்எல் பிரிட்ஜ் (பக்கத்து ஜாவாஸ்கிரிப்டும் சில்வர்லைட்டும் பேசிக்கொள்ளும் வசதி) வழியாகவும் எடுக்கலாம். பக்கத்தில் ஒரு ஸ்கிரிப்ட் டேகைச் சேர்த்து, கால்பேக்கில் வருவதை ஸ்ட்ரிங்காக்கி, ஸ்கிரிப்டபிள்மெம்பர் என்று குறித்த மெத்தடுக்கு அனுப்ப வேண்டும். கெட் (GET) வகைக் கோரிக்கை மட்டும்தான் முடியும். கோரிக்கை தோற்றால் தெளிவான பிழை கிடைக்காது, நீங்களே டைமர் வைத்துப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும்விட, வருவது டேட்டா என்ற பெயரில் ஓடும் ஸ்கிரிப்ட். உங்கள் பக்கத்தில் அதற்கு முழு அதிகாரம் உண்டு. ப்ராக்ஸி போட முடிகிற இடத்தில் நான் இதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

அவுட் ஆஃப் பிரவுசராக (பிரவுசருக்கு வெளியே தனி அப்ளிகேஷனாக) நிறுவி, எலிவேட்டட் டிரஸ்ட் என்ற கூடுதல் அனுமதி கேட்டால் பாலிசி ஃபைல் தேவையில்லை என்பதும் உண்மை. ஒரு வானிலைப் பெட்டிக்காகப் பயனரிடம் அவ்வளவு அனுமதி கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

நிரல்நேயன்:
நன்றி, ப்ராக்ஸிக்கே போகிறேன். கூடவே ஒரு கேள்வி. எங்கள் சொந்த டபிள்யூசிஎஃப் (மைக்ரோசாஃப்ட்டின் சர்வீஸ் எழுதும் கட்டமைப்பு) சர்வீஸ் 8080 போர்ட்டில் இருக்கிறது. அதன் ஃபோல்டரில் * போட்ட கிளையன்ட்ஆக்சஸ்பாலிசி.எக்ஸ்எம்எல் வைத்தும் கம்யூனிகேஷன்எக்செப்ஷன் வருகிறது.

வலைநெசவாளி:
போர்ட் மாறினாலே வேறு டொமைன் கணக்குதான். சர்வீஸ் ஃபோல்டரில் வைத்தால் சில்வர்லைட்டுக்குத் தெரியாது. 8080-ல் ஓடும் தளத்தின் வேரில் இருக்க வேண்டும். ஐஐஎஸ் (மைக்ரோசாஃப்ட்டின் வெப் சர்வர்) இல்லாமல் நீங்களே ஹோஸ்ட் செய்தால், வேர் முகவரியில் அந்த ஃபைலைத் திருப்பித் தரும் வெப்கெட் (WebGet) மெத்தட் ஒன்றைச் சேருங்கள்.

அடுத்து சோப் (SOAP), அதாவது சர்வீஸுக்கு எக்ஸ்எம்எல்லில் செய்தி அனுப்பும் முறை. பாலிசி ஃபைலின் அலோஃப்ரம் டேகில் எச்டிடிபி-ரிக்வெஸ்ட்-ஹெடர்ஸ் என்ற பண்பு இல்லையென்றால் சோப்ஆக்‌ஷன் ஹெடர் தடுக்கப்படும், சர்வீஸ் தோற்கும். அந்தப் பண்புக்கு * அல்லது சோப்ஆக்‌ஷன் என்று கொடுங்கள். சர்வீஸ் எச்டிடிபிஎஸ்ஸில், ஸாப் எச்டிடிபியில் என்றால் டொமைனில் வெறும் * போதாது. எச்டிடிபி என்று தொடங்கித் தனியாக எழுத வேண்டும்.

பாலிசியை ஒரு ஓட்டத்துக்கு ஒருமுறைதான் கேட்கும். ஃபைலை மாற்றியதும் கேச்சை அழித்து, பிரவுசரை முழுவதும் மூடித் திறந்து சோதியுங்கள்.

கணினிக்குருவி:
ஒரு எச்சரிக்கை. அந்த சர்வீஸ் லாகின் குக்கியை நம்புகிறதென்றால் * வேண்டவே வேண்டாம். சில்வர்லைட் கோரிக்கை பிரவுசர் வழியாகப் போகும்போது பயனரின் குக்கியும் கூடவே போகும். * போட்டால், அவர் வேறொரு தளத்தைத் திறந்திருக்கும்போது அங்குள்ள அப்ளிகேஷன் அவர் பெயரில் உங்கள் சர்வீஸைக் கேட்டு, பதிலையும் படித்துவிடும். உங்கள் டொமைனை மட்டும் எழுதுங்கள், ரிசோர்ஸ் பாதையையும் அந்த சர்வீஸோடு நிறுத்துங்கள்.

அப்போதும் ஓடவில்லையென்றால், ஃபிட்லரில் பாலிசி ஃபைலின் உடலைத் திறந்து பாருங்கள். சில சர்வர்கள் இல்லாத ஃபைலுக்கு 404 தராமல், 'பக்கம் கிடைக்கவில்லை' என்ற எச்டிஎம்எல்லை 200-ஓடு அனுப்பும். சில்வர்லைட் அதைப் பாலிசி என்று நினைத்துப் படித்து, தோற்று, அங்கேயே நின்றுவிடும். கிராஸ்டொமைன் ஃபைலைத் தேடிப் போகாது.