கையால் பின்னியது என்று சொல்லிக் கொடுத்த பண்டிகைப் பரிசு: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

செல்லூர் நூல்கண்டு:

போன கிறிஸ்துமஸுக்கு நடந்தது. ஒன்பது மாதம் ஆகிவிட்டது, இன்னும் ஊசியைக் கையில் எடுக்கும்போதெல்லாம் நினைவுக்கு வருகிறது. யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் சபையில் அந்த வருடம் பிறந்த கைக்குழந்தைகளுக்கு ஆளுக்கொரு குல்லா கொடுப்பது வழக்கம். பன்னிரண்டு குல்லாவையும் நானே குரோஷாவில், அதாவது கொக்கி ஊசியால் பின்னி, போட்டுத் தருகிறேன் என்று அக்டோபரிலேயே சொல்லிவிட்டேன். எட்டு முடித்தேன். அதற்குள் மாமனாருக்குக் கண் ஆபரேஷன், மகனுக்கு அரையாண்டுப் பரீட்சை. 22-ஆம் தேதி சாயங்காலம் மதுரை விளக்குத்தூண் கடைத்தெருப் பக்கம் போய் நாலு குல்லா வாங்கி வந்தேன். கிட்டத்தட்ட என் நூல் நிறம்தான். லேபிளைப் பிளேடால் அறுத்து எடுத்துவிட்டு, பன்னிரண்டுக்கும் ஒரே மாதிரி ரிப்பன் கட்டி வைத்தேன்.

கொடுக்கிற அன்று ஒரு பாட்டி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எண்பது வயதுக்கு மேல். பூர்வீகம் இடையன்குடி. கால்டுவெல் ஐயரின் மனைவி எலிசா அம்மையார் அந்தக் காலத்தில் பெண்களைக் கூட்டி லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்த ஊர். பாட்டி ஒரு குல்லாவை எடுத்து, ரிப்பனை அவிழ்த்து, உள்பக்கம் திருப்பினார். கட்டைவிரலால் ஓரத்தைத் தடவினார். அங்கே ஓவர்லாக் மெஷின் தையல் ஓடியிருந்தது. நான் வட்டமாகப் பின்னுகிறவள், என் குல்லாவில் தையலே இருக்காது.

"இது நீ போட்டதாம்மா?"

"ஆமா பாட்டி."

அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. குல்லாவைத் திருப்பி நேராக்கி, ரிப்பனை முன்பு இருந்த மாதிரியே கட்டி, அடுக்கின் மேல் வைத்தார். திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன். அந்தக் கட்டைவிரலைத்தான் மறக்க முடியவில்லை.

பழங்காநத்தம் தேன்மொழி:

இதைப் போய் இவ்வளவு நாள் மனதில் வைத்திருக்கிறீர்களே. பிள்ளைக்குக் காதில் பனி படாமல் இருந்தது இல்லையா? அது போதாதா?

எனக்கு நடந்தது நேர் எதிர். கல்லூரி ஹாஸ்டலில் டிசம்பர் வந்தால் கிறிஸ்மாம், கிறிஸ்சைல்ட் சீட்டு எடுப்போம். சீட்டில் யார் பெயர் வருகிறதோ அவர் நம் கிறிஸ்சைல்ட், அவருக்கு ரகசியமாகப் பரிசு கொடுக்கிற நாம் கிறிஸ்மாம். நமக்கு யார் கிறிஸ்மாம் என்று கடைசி நாள் வரை தெரியாது. என் கிறிஸ்மாம் ஒரு மஃப்ளர் பின்னிக் கொடுத்தாள். அவள் அதற்கு முன் ஊசியைத் தொட்டதே இல்லை. இருபது கண்ணியில் ஆரம்பித்தது முடிகிற இடத்தில் முப்பத்தொன்று. ஒரு முனை கையளவு, மறுமுனை முறம் மாதிரி விரிந்திருக்கும். நடுவில் கண்ணி நழுவி ஒரு ஓட்டை. அந்த ஓட்டையை மறைக்கச் சிவப்பு நூலில் சின்னதாக ஒரு நட்சத்திரம் தைத்திருந்தாள்.

மதுரையில் மஃப்ளரை எங்கே போடுவது. ஆனால் பதினெட்டு வருடமாக வீடு மாறும்போதெல்லாம் கூடவே வருகிறது. அந்த நட்சத்திரம் எதற்கு என்று அவள் சொல்லவே இல்லை. நானே பின்னக் கற்றுக்கொண்ட பிறகு, ஒரு நாள் திருப்பிப் பார்த்தபோதுதான் ஓட்டை தெரிந்தது. அவளைக் கூப்பிட்டுப் பேச வேண்டும் போல் இருந்தது. நம்பர் இல்லை.

ஆயிரம் முடிச்சு:

தேன்மொழி, "அது போதாதா" என்ற பேச்சோடு எனக்குச் சண்டை உண்டு. மன்னிக்கவும்.

நாங்கள் சௌராஷ்டிரா. என் அப்பாவைப் பெற்ற பாட்டி, புள்ளி புள்ளியாகச் சாயம் ஏற்றும் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுகிறவர். துணியை விரல் நுனியில் கிள்ளி, நூலைச் சுற்றி இறுக்கி, அடுத்தது. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. சாயத்தில் முக்கிக் காய வைத்து, துணியை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தால் முடிச்செல்லாம் படபடவென்று தெறிக்கும். அந்தச் சத்தத்துக்காகவே நாங்கள் பிள்ளைகள் ஓடி வருவோம்.

நான் அந்த மாதிரி ஒரு சேலையைத் தீபாவளிக்கு என் சிநேகிதிக்குக் கொடுத்தேன். தெரிந்த பெரியம்மா ஒருவரிடம் சொல்லி வைத்து, இரண்டு மாதம் காத்திருந்து வாங்கியது. அவள் பிரித்துப் பார்த்துவிட்டு உள்ளே போய், தான் கடையில் எடுத்த அச்சுச் சுங்குடி ஒன்றைக் கொண்டு வந்து பக்கத்தில் விரித்தாள். "பாரேன், இதில் புள்ளியெல்லாம் எவ்வளவு நேரா இருக்கு. உன்னோடதில் கோணிக்கிட்டுப் போகுது. ஏமாத்திட்டாங்கப்பா உன்னை." என் மேல் இருந்த அன்பில்தான் அப்படிச் சொன்னாள். எனக்குத்தான் வாய் வரவில்லை. கோணலாக இருப்பதுதான் கை வைத்ததற்கு அடையாளம், முடிச்சு இருந்த இடத்தில் துணி லேசாகச் சுருங்கி விரலுக்குத் தட்டுப்படும் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு 2005-லேயே கிடைத்துவிட்டது. ஆனால் வாங்குகிறவர்கள் "பார்க்க ஒன்று போலத்தானே இருக்கிறது, போதாதா" என்று சொல்லிச் சொல்லியே முடிச்சுப் போடும் கைகள் குறைந்துவிட்டன. என் பாட்டிக்குப் பிறகு எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. அதனால்தான் அந்தப் பேச்சு என்னைச் சுடுகிறது.

திருநகர் ஊசி:

எனக்கும் ஒருமுறை ஒரு சால்வை வந்தது, கையால் பின்னியது என்று சொல்லி. பின்பக்கம் பார்த்ததுமே இயந்திரம் என்று தெரிந்துவிட்டது. கொடுத்தவரிடம் எதுவும் சொல்லவில்லை. அவ்வளவுதான் என் கதை.

ஆனால் இங்கே நிறையப் பேருக்கு இது உதவும் என்பதால் சொல்கிறேன். இரண்டு ஊசி வைத்துப் பின்னுவதை இயந்திரம் செய்துவிடும். கடையில் தொங்குகிற ஸ்வெட்டரெல்லாம் அப்படி வந்ததுதான். குரோஷா அப்படி இல்லை. அந்த மாதிரி தோற்றம் தருகிற துணியை இயந்திரம் நெய்யும், ஆனால் கொக்கி ஊசியால் ஒவ்வொரு கண்ணியாக இழுத்து முடிப்பது இன்றுவரை கைவேலைதான். அதனால் மலிவான விலையில் உண்மையான குரோஷாப் பொருளைப் பார்த்தால், யாரோ ஒருவருக்குக் கூலி ஒழுங்காகப் போகவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது நூல். நாம் "உல்லன், உல்லன்" என்று வாங்குவதில் பெரும்பாலும் கம்பளியே கிடையாது, அக்ரிலிக். சந்தேகம் இருந்தால் ஒரு விரல் நீளம் வெட்டி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேல் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். அக்ரிலிக் உருகிக் கறுப்பு மணியாக இறுகிவிடும். கம்பளி என்றால் முடி கருகிய வாசம் வரும், சாம்பலை நசுக்கினால் பொடியாகும். பருத்தி காகிதம் போல எரியும். பரிசு கொடுக்கும்போது நூலின் பெயரையும் சொல்லிக் கொடுப்பதுதான் நேர்மை. அக்ரிலிக்கைக் கம்பளி என்று சொல்லிக் கொடுத்தால் அதுவும் பொய்தான்.

கைக்குழந்தைக்கு நம் ஊரில் பருத்தி நூலே போதும். பொம்மை பின்னினால் கண்ணுக்குப் பொத்தான் வைக்காதீர்கள், பிள்ளை கடித்து விழுங்கிவிடும். நூலாலேயே கண் தையுங்கள். வீட்டுக்குள் தூங்கும்போது குல்லாவைக் கழற்றிவிடச் சொல்லுங்கள், உடம்பு சூடேறிவிடும். புத்தகத்தையோ வீடியோவையோ பார்த்துப் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குரோஷாவில் அமெரிக்கக்காரர்கள் சிங்கிள் என்கிற கண்ணியை இங்கிலாந்துக்காரர்கள் டபுள் என்பார்கள். அது தெரியாமல் என் அக்கா மகள் ஒரு சட்டை போட்டாள், அவள் தம்பிக்கும் சேர்த்துப் போதும். அப்புறம் ஊசி. முன்பு மீனாட்சி கோயில் எதிரே புதுமண்டபத்துக்குள் கடைகள் இருந்தபோது ஒரு சுற்று சுற்றினால் எல்லாம் கிடைத்துவிடும். இப்போது கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. கண்ணால் பார்த்து வாங்குங்கள், கொக்கி முனை பிசிறாக இருந்தால் நூல் பிரியும்.

செல்லூர் நூல்கண்டு:

அக்கா, நூலை எரித்துப் பார்ப்பதெல்லாம் தெரியும். நான் கேட்டது அது இல்லை. நான் அந்தப் பாட்டியிடம் பொய் சொன்னேன். அதைப் பற்றித்தான்.

தேன்மொழி, பிள்ளைக்குப் பனி படவில்லை என்பது சரிதான். ஆனால் அந்த நாலு அம்மாக்களும் என் கையைப் பிடித்து நன்றி சொன்னார்கள். மற்ற எட்டுப் பேர் சொன்னபோது கை கூசவில்லை.

மேலூர் வயர்கூடை:

நான் உல்லன் ஆள் இல்லை, வயர் கூடை போடுகிறவள். இருந்தாலும் இந்தப் பேச்சில் எனக்கும் ஒன்று சொல்ல இருக்கிறது.

ஒரு பொங்கலுக்கு, பரிசாகக் கொடுக்க முப்பது கூடை வேண்டும் என்று ஒருவர் கேட்டார். உள்ளே பச்சரிசி, வெல்லம், முந்திரி, ஏலக்காய் வைத்துத் தருவார்களாம். தனியாக முடியாது. எதிர்வீட்டுப் பெண்ணைச் சேர்த்துக்கொண்டேன். நான் போட்டது சிவன் கண் முடிச்சு, அவள் போட்டது நெல்லிக்காய் முடிச்சு. உண்மையைச் சொன்னால் அவள் நெல்லிக்காய் என்னுடையதைவிடக் கெட்டியாக இருக்கும். அடிப்பாகம் தளராமல் நிற்கும். ராத்திரி பதினொரு மணி வரை இரண்டு பேரும் திண்ணையில் உட்கார்ந்து போடுவோம். கூலி பேசினபடி பைசா குறையாமல் கொடுத்தேன்.

வாங்குகிறவர் ஒவ்வொரு கூடைக்கும் ஒரு சின்ன அட்டை அடித்து வந்திருந்தார். "கைவண்ணம்" என்று போட்டு, கீழே என் பெயர். முப்பதிலும் என் பெயர். அட்டையை நூலில் கோத்துக் கட்டும் வேலையையும் அவளே செய்தாள். ஐந்தாறு கட்டின பிறகு ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் படித்தாள். தான் போட்ட நெல்லிக்காய்க் கூடையை எடுத்தாள், அதிலேயே அதைக் கட்டினாள். "நல்லா அடிச்சிருக்காங்க அக்கா" என்றாள்.

நான் அந்த நேரத்தில் ஒரு பேனாவை எடுத்து அவள் பெயரையும் எழுதியிருக்கலாம். பதினைந்து அட்டை, கால் மணி நேர வேலை. வாங்குகிறவர் என்ன நினைப்பாரோ என்று சும்மா இருந்துவிட்டேன். அடுத்த பொங்கலுக்குக் கூப்பிட்டேன், கம்பெனி வேலைக்குப் போகிறேன் அக்கா, நேரமில்லை என்றாள். இருக்கலாம். ஆனால் வயர்க் கட்டைப் பிரிக்கும்போதெல்லாம் அவள் அட்டையைத் தூக்கிப் படித்ததுதான் கண்ணில் நிற்கிறது.

கோரிப்பாளையம்:

நான் ஆண். குரோஷா போடுவேன். அம்மா நர்ஸ், நைட் டியூட்டி இல்லாத நாளில் வாசலில் உட்கார்ந்து போடுவார், பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டது.

மகளுக்குத் தலைத் தீபாவளி. வெள்ளைப் பருத்தி நூலில் அன்னாசி டிசைன் போட்டு ஒரு கட்டில் விரிப்பு கொடுத்தேன். ஏழு மாத வேலை. சம்பந்தியம்மா அதை விரித்துப் பார்த்துவிட்டு என் மனைவியின் கையைப் பிடித்து, "இந்தக் கைக்குத் தங்கத்தில் காப்புப் போடணும் சம்பந்தி" என்றார். மனைவி என்னைப் பார்த்தாள். நான் அதிரசத் தட்டைப் பார்த்தேன். மாப்பிள்ளையின் சித்தப்பாக்கள், மாமாக்கள் எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். வாய் திறக்கவில்லை. அவளும் எனக்காகத்தான் "ஏதோ பொழுது போகப் போட்டது" என்று சொல்லிச் சமாளித்தாள்.

மறுநாள் மகள் போன் செய்தாள். "ஏம்ப்பா சொல்லல? நான் சொல்லவா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். இன்றுவரை அந்த வீட்டில் அது என் மனைவி போட்டது.

நீங்கள் போடாததைப் போட்டதாகச் சொன்னீர்கள். நான் போட்டதைச் சொல்லவில்லை. இரண்டும் ஒன்றா என்று தெரியவில்லை, ஆனால் ராத்திரி விழிப்பு வரும்போது என்னை அறுப்பதும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கிறது.

ஆயிரம் முடிச்சு:

அண்ணே, சொல்லிவிடுங்கள். இந்தத் தீபாவளிக்கே சொல்லுங்கள். ஏழு மாதம்!

பழங்காநத்தம் தேன்மொழி:

நான் "போதாதா" என்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். என் மஃப்ளருக்குப் பதிலாக அவள் கடையில் ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தால் இத்தனை வீடு கூடவே தூக்கிக்கொண்டு அலைந்திருக்க மாட்டேன். வார்த்தையை வாபஸ் வாங்குகிறேன்.

இன்னொன்று. போன வாரம் என் அண்ணன் மகள் ஒரு படம் அனுப்பினாள், மயில் தோகை போல ஒரு சால்வை, கிறிஸ்துமஸுக்கு அதையே போட்டுத் தா அத்தை என்று. மூன்று சாயங்காலம் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு கண்ணி எங்கே ஆரம்பித்து எங்கே போகிறது என்றே பிடிபடவில்லை. கடைசியில்தான் புரிந்தது, அது யாரும் பின்னியது இல்லை, கம்ப்யூட்டர் வரைந்தது. அவளிடம் அதைச் சொல்லி, எனக்குத் தெரிந்த விசிறி டிசைனில் போட ஆரம்பித்திருக்கிறேன்.

செல்லூர் நூல்கண்டு:

எல்லாருக்கும் நன்றி. கோரிப்பாளையம் அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு நேற்று முழுக்க யோசித்தேன்.

பாட்டி இப்போது திண்டுக்கல்லில் மகள் வீட்டில் இருக்கிறார் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். நவம்பரில் போய்ப் பார்க்கப் போகிறேன். அதற்குள் அந்த நாலு பிள்ளைகளுக்கும் குல்லா போட்டுவிட வேண்டும். இரண்டு அம்மாக்களிடம் சொல்லிவிட்டேன், போன தடவை கொடுத்தது கடையில் வாங்கியது, இது நான் போடுகிறது என்று. ஒருவர் சிரித்தார். இன்னொருவர் "அப்படியா" என்று மட்டும் கேட்டார், அது கொஞ்சம் வலித்தது. மற்ற இரண்டு பேரை இந்த ஞாயிறு பார்ப்பேன்.

பிள்ளைகளுக்கு ஒரு வயது ஆகப்போகிறது, பழைய கணக்கு உதவாது. ஒரு பிள்ளைக்குத் தலைச் சுற்றளவு 46 செ.மீ. இருக்கிறது. பருத்தி நூல்தான். உச்சியிலிருந்து கண்ணி கூட்டிக்கொண்டே வருவதை எந்த இடத்தில் நிறுத்துவது? திருநகர் அக்கா, இப்போது நிஜமாகவே கேட்கிறேன்.

திருநகர் ஊசி:

46 தலைக்கு 42 செ.மீ. குல்லா போடு. பருத்தி அவ்வளவாக இழுபடாது, அதனால் அதற்கும் கீழே போகாதே. 42-ஐ 3.14-ஆல் வகுத்தால் பதின்மூன்று சொச்சம். உச்சி வட்டம் தட்டையாக 13.4 செ.மீ. குறுக்களவு வரும்வரை கூட்டு, அமெரிக்கச் சிங்கிள் என்றால் சுற்றுக்கு 6 கண்ணி. அப்புறம் கூட்டாமல் நேராக இறக்கு. காது மூடும்வரை போட்டுவிட்டு ஒரு படம் அனுப்பு, உள்பக்கமும் சேர்த்து.