ஒரே ஆண்டெனா, மூன்று டிவி: அம்மா அறையில் மட்டும் ஏன் வரவில்லை?

யீஷூன் நாலறை:
கூடத்தில் போன வருடம் வாங்கிய டிவி, அம்மா அறையில் 2010 வாக்கில் வாங்கிய எல்சிடி, சமையலறையில் தூக்கிப்போட மனசு வராத பழைய குண்டு டிவி. ஜன்னலோரம் ஒரே உட்புற ஆண்டெனா. அது கூடத்து டிவிக்கு மட்டும் போனவரை வசந்தம் ஒளிவழி பளிச்சென்று வந்தது. நேற்று ஒரு வயரை நாலாகப் பிரிக்கும் நாலு வழி ஸ்பிளிட்டர் போட்டு மூன்றுக்கும் வயர் இழுத்தேன். இப்போது கூடத்திலேயே படம் கட்டம் கட்டமாக உடைகிறது, மற்ற இரண்டிலும் எத்தனை தடவை தேடினாலும் ஓர் ஒளிவழிகூட இல்லை. இரவுச் செய்தி நேரத்தில் அம்மா என் முகத்தைத்தான் பார்க்கிறார். பெரிய ஆண்டெனா வாங்கட்டுமா?

பழைய வயர்மேன்:
வாங்காதீர்கள் தம்பி. அந்த இரண்டு டிவிக்கும் ஆண்டெனா எவ்வளவு பெரிதானாலும் பயனில்லை. குண்டு டிவிக்குத் தெரிந்தது பழைய அனலாக் ஒளிபரப்பு மட்டும், அது இங்கே சிங்கப்பூரில் 2019 பிறந்ததும் நின்றுவிட்டது. இப்போது இங்கே வருவது டிவிபி-டி2 என்ற டிஜிட்டல் முறை. எல்சிடி பின்னால் டிவிபி-டி என்று மட்டும் இருந்தால், அந்த '2' இல்லாததுதான் கோளாறு. இரண்டுக்கும் செட்டாப் பாக்ஸ் வேண்டும்.

உட்லண்ட்ஸ் அக்கா:
கூடத்துப் பிரச்சினை வேறு. நாலு வழியில் பிரித்தால் ஒவ்வொரு வழிக்கும் சிக்னல் கால் பங்குகூட முழுதாக வராது, சுமார் 7 டெசிபல் போய்விடும். டிஜிட்டலில் பழைய மாதிரி புள்ளி புள்ளியாக மங்காது, ஓர் அளவுக்குக் கீழே போனால் உடைந்து நின்றுவிடும். ஆண்டெனாவில் சிக்னலை வலுவாக்கும் பூஸ்டர் உண்டா? அதற்கு மின்சாரம் எங்கிருந்து போகிறது?

யீஷூன் நாலறை:
டிவியின் யுஎஸ்பியிலிருந்து ஒரு குட்டி டப்பா வழியாக. அது இப்போது ஸ்பிளிட்டருக்கும் டிவிக்கும் நடுவில் இருக்கிறது.

உட்லண்ட்ஸ் அக்கா:
அதுதான் விஷயம். பல ஸ்பிளிட்டர்கள் யுஎஸ்பியின் அந்த 5 வோல்ட் மின்சாரத்தை ஆண்டெனா பக்கம் ஏற விடாது, பூஸ்டர் பட்டினி கிடக்கிறது. டப்பாவை ஆண்டெனாவுக்கும் ஸ்பிளிட்டருக்கும் நடுவில் வையுங்கள். அப்புறம் யுஎஸ்பியைப் பழைய கைபேசி சார்ஜரில் செருகுங்கள், இல்லையென்றால் கூடத்து டிவியை அணைத்ததும் மற்ற அறைகளில் படம் போகும். எங்கள் வீட்டில் இதைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் சண்டை போட்டோம்!

பழைய வயர்மேன்:
மூன்று டிவிக்கு மூன்று வழி போதும். நாலு வழியே இருக்கட்டும் என்றால் காலி முனையில் சிக்னல் திரும்பி அடிக்காமலிருக்க 75 ஓம் மூடி ஒன்று திருகிவிடுங்கள், சிம் லிம் டவரில் கிடைக்கும்.

யீஷூன் நாலறை:
கூடம் சரியாகிவிட்டது அக்கா, நன்றி. எல்சிடி பின்னால் தூசியைத் துடைத்துப் பார்த்தேன், '2' இல்லை. அம்மா அறையும் சமையலறையும் ஒரே சுவருக்கு இரு பக்கம் என்பதால் பாக்ஸ் ஒன்றே வாங்கி, எச்டிஎம்ஐ எல்சிடிக்கும் மஞ்சள் சிவப்பு வெள்ளை வயர் குண்டு டிவிக்குமாகக் கொடுத்தேன். இரண்டிலும் ஒரே ஒளிவழிதான் ஓடும், ரிமோட் அம்மாவிடம். மனைவி இன்னும் எதுவும் சொல்லவில்லை.