கிட்டின் கப்பலில் 46 துடுப்புகள் எதற்கு?

கடலோடி:
கப்பல் தலைவர் வில்லியம் கிட்டைக் கடற்கொள்ளையன் என்பவர்கள் அவருடைய கப்பலைக் கொஞ்சம் பார்க்கட்டும். 1695 இறுதியில் லண்டனை ஒட்டிய டெப்ட்ஃபோர்டில் கடலில் இறக்கிய ‘அட்வென்ச்சர் கேலி’க்கு 34 பீரங்கிகள், 46 துடுப்புகள். பாய்மரக் கப்பலுக்குத் துடுப்பு எதற்கு? காற்று செத்த நாளிலும் கொள்ளையரைத் துரத்த! பிரெஞ்சுக் கப்பல்களையும் கொள்ளையரையும் பிடிக்க இங்கிலாந்தின் மூன்றாம் வில்லியம் மன்னரே உரிமம் தந்திருந்தார். முதல் போட்டவர்கள் பிரபுக்கள். இப்படி ஊரறியப் புறப்பட்டவரா கொள்ளையன்?

வடக்கயிறு:
அந்தத் துடுப்புகள் எங்கே தண்ணீரைத் தொட்டன என்பதை விட்டுவிட்டீர்களே, நண்பரே! 1697 ஆகஸ்டு, செங்கடலின் வாயில். யேமனின் மோக்கா துறைமுகத்திலிருந்து திரும்பும் யாத்திரிகர்களும் வணிகர்களும் நிறைந்த முகலாயக் கப்பல் கூட்டத்துக்குள் கிட் நுழைகிறார். காற்று இல்லை. காவலுக்கு வந்த கிழக்கிந்தியக் கம்பெனியின் ‘ஸெப்டர்’ தன் படகுகளால் இழுபட்டு அவரை நெருங்க வேண்டியிருக்கிறது. இவரோ துடுப்புப் போட்டு நகர்கிறார். அந்தக் கூட்டத்தில் பிரெஞ்சுக்காரன் யார்? அடுத்த மாதம் ‘மேரி’ என்ற சிறு வணிகக் கப்பலை மறித்து, மாலுமிகளைக் கட்டித் தொங்கவிட்டு, வாளின் தட்டைப் பக்கத்தால் அடித்துப் பணம் கேட்டார்கள். இதுவும் மன்னர் உத்தரவா?

உப்புக்காற்று:
கூலியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. ‘பிடிபட்டால் பங்கு, இல்லையேல் ஒன்றுமில்லை’ என்பதுதான் மாலுமிகளின் ஒப்பந்தம். அவர் பொறுக்கியெடுத்த ஆட்களில் பலரைத் தேம்ஸ் நதியிலேயே கடற்படை கட்டாயச் சேவைக்குப் பிடித்துக்கொண்டது. குறையை நியூயார்க்கில் கிடைத்தவர்களைக் கொண்டு நிரப்பினார். ஓராண்டுக்கு மேல் வெறுங்கை. ஒரு டச்சுக் கப்பலைத் தாக்கக் கிட் மறுத்ததும் பீரங்கிக்காரன் வில்லியம் மூர் முறைத்தான். இரும்புப் பட்டை போட்ட மரவாளியால் கிட் அவன் தலையில் அடித்தார். மறுநாள் மூர் இறந்தான். தாக்க மறுத்ததற்காகத் தன் ஆட்களோடு மோதியவர் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

வடக்கயிறு:
அந்தத் தயக்கம் மூன்று மாதத்துக்கு மேல் தாங்கவில்லை, ஐயா. 1698 ஜனவரியில் மலபார்க் கரைக்கு அப்பால் பிரெஞ்சுக் கொடியைப் பொய்யாக ஏற்றி ‘கெடா மெர்ச்சன்ட்’ கப்பலைப் பிடித்தார். தலைவர் ஆங்கிலேயர், சரக்கு ஆர்மீனியருடையது.

கடலோடி:
எதிரியின் கொடியை ஏற்றி ஏமாற்றுவது அன்றைய போர்க்கப்பல்கள் எல்லாம் செய்த தந்திரம். அந்தக் கொடியைக் கண்டதும் கெடா மெர்ச்சன்ட் நீட்டியது எதை? பிரெஞ்சு அனுமதிச் சீட்டை! உரிமத்தின்படி அது நியாயமான வேட்டை. கிட் ஒப்படைத்திருந்த அந்தச் சீட்டு விசாரணையின்போது காணவில்லை. 1701 மே 23 அன்று அவரைத் தூக்கிலிட்டார்கள். கயிறு அறுந்து விழுந்தவரை மறுபடியும் ஏற்றினார்கள். 20ஆம் நூற்றாண்டில் லண்டன் ஆவணக் காப்பகத்தில் அதே சீட்டு கிடைத்தது. முகலாயரின் கோபத்தைத் தணிக்கக் கம்பெனிக்கு ஒரு கழுத்து தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

வடக்கயிறு:
கெடா மெர்ச்சன்டை விட்டுத்தருகிறேன். ‘மேரி’க்கு எந்தச் சீட்டைக் காட்டுவீர்கள்?

கடலோடி:
அதற்கு என்னிடம் பதில் இல்லை.

உப்புக்காற்று:
துடுப்புப் போட்ட அட்வென்ச்சர் கேலிக்கே வருவோம். 1698இல் அந்தக் கப்பலின் நிலையைக் கிட் தானே சொல்லியிருக்கிறார்: ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை ஆள் மாற்றி எட்டுப் பேர் தண்ணீர் இறைக்க வேண்டும், பலகைகள் பிரியாமலிருக்க உடற்பகுதியைச் சுற்றி வடம் கட்டியிருந்தது. கட்டி மூன்றாண்டுகூட ஆகாத கப்பல்! மடகாஸ்கரை ஒட்டிய செயின்ட் மேரி தீவுவரை அதை ஓட்டிச் சென்று கைவிட்டார். அங்கே நங்கூரமிட்டிருந்தான் ராபர்ட் கல்லிஃபோர்ட், அசல் கொள்ளையன். கிட்டின் ஆட்களில் பெரும்பாலோர் அவனிடம் போய்ச் சேர்ந்தார்கள்.