பழைய வேன் ஸ்டார்ட் ஆகலையா? நம்ம கடற்கரைப் பக்கத்து அனுபவங்கள்

தேவிபட்டினம் பக்கம், பெட்ரோல் ஆம்னி

என்னுடையது கார்புரேட்டர் காலத்து ஆம்னி. பின் சீட்டைக் கழற்றிவிட்டு மீன் பெட்டி ஏற்றுகிறேன். போன கச்சான் காற்றுக் காலத்தில் ஒரு விடியற்காலை, பெட்டியெல்லாம் ஏற்றிய பிறகு சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஐஸ் உருகிக்கொண்டிருக்கிறது, வியாபாரி போன் மேல் போன் போடுகிறார். கரையில் நின்ற பையன்கள் தள்ளினார்கள். இரண்டாவது கியரில் கிளட்சை விட்டதும் பிடித்துக்கொண்டது.

தள்ளினால் பிடிக்கிற வண்டிக்கு பெட்ரோலும் பிளக்கும் சரியாகத்தான் இருக்கின்றன. கோளாறு இன்ஜினைச் சுற்றிவிடுகிற செல்ஃப் மோட்டார் பக்கம். இதுவரை எல்லாருக்கும் தெரியும், அதற்கப்புறம்தான் காசு கரைகிறது. ஒரு கடையில் பேட்டரி போய்விட்டது என்றார்கள். இன்னொருவர் செல்ஃப் மோட்டாரை இறக்கணும் என்றார். உச்சிப்புளிப் பக்கம் ஒரு வயசான எலக்ட்ரீஷியன் இருக்கிறார். அவர் எதையும் கழற்றவில்லை. மீட்டரை பேட்டரியில் வைத்தார், 12.5 வோல்ட். சாவியைத் திருப்பிப் பிடிக்கச் சொன்னார். அப்போதும் 12க்குக் கீழே இறங்கவில்லை.

"பேட்டரி செத்திருந்தா இந்நேரம் ஒம்பதுக்கு வந்திருக்கும் தம்பி. கரண்ட் இருக்கு, போக வழியில்ல" என்றார்.

அடுத்து மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மற்றதை இன்ஜின் இரும்பிலும் வைத்துக்கொண்டு மறுபடி சாவி. அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டிய இடத்தில் நாலுக்கு மேல் காட்டியது. எர்த் ஒயர்! பேட்டரி நெகட்டிவை இன்ஜின் இரும்போடு சேர்க்கிற ஒயர்தான் அது. மேல் ரப்பர் புதுசு மாதிரிதான் இருந்தது. கத்தியால் கீறினால் உள்ளே செம்புக் கம்பி பச்சைப் பொடியாகக் கொட்டுகிறது. போல்ட் பிடிக்கிற இடத்தில் துரு தடிப்பாக ஏறியிருந்தது. மீன் பெட்டியிலிருந்து வழிகிற ஐஸ் தண்ணியும் உப்புத் தண்ணிதானே. தரைத் தகரத்தின் இடுக்கெல்லாம் இறங்கி, வெயிலில் காய்ந்து, மறுநாள் மறுபடி நனைகிறது. கடல் காற்று மட்டும் தின்றிருந்தால் இன்னும் கொஞ்ச நாள் தாங்கியிருக்கும்.

புது ஒயர் போட்டு, போல்ட் உட்காரும் இடத்தை வெறும் இரும்பு தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினார். கிரீஸ் அதற்குப் பிறகு, மேலே மட்டும். அதே பேட்டரிதான் இன்றும் ஓடுகிறது.

மீட்டர் இல்லையென்றாலும் பார்க்கலாம். கியரை நியூட்ரலில் போட்டு, ஜம்பர் ஒயர் ஒன்றை பேட்டரி நெகட்டிவிலிருந்து நேராக இன்ஜினின் வெறும் இரும்பில் கவ்வவிட்டு, பிறகு சாவியைத் திருப்புங்கள். செல்ஃப் ஜோராகச் சுற்றினால் எர்த்தில்தான் கோளாறு. பேட்டரி வாங்கப் போகிறவர்கள் கடைக்குக் கிளம்பும் முன் இதைச் செய்து பாருங்கள்.

ராமேஸ்வரம், டீசல் டூரிஸ்ட் வேன்

அண்ணன் சொன்னது செல்ஃப் சுற்றாத கதை. என் வண்டி நன்றாகச் சுற்றும், ஆனால் பிடிக்காது. இரண்டும் வேறு வேறு. போனில் "ஸ்டார்ட் ஆகல" என்று மட்டும் சொன்னால் மெக்கானிக் தவறான சாமானைத் தூக்கிக்கொண்டு வருவார்.

தனுஷ்கோடி அரிச்சல்முனையில் ஆளை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது, டீசல் முள் காட்டியதை நம்பி வந்தேன், நடு ரோட்டில் இருமிவிட்டு நின்றது. அந்த ரோட்டில் இரண்டு பக்கமும் கடலும் மணலும்தான். பெட்ரோல் பங்குக்கு ராமேஸ்வரம்தான் வரவேண்டும். தெரிந்த ஆட்டோக்காரர் கேனில் டீசல் கொண்டுவந்து ஊற்றியும் பிடிக்கவில்லை. டேங்க் காலியானதில் லைனுக்குள் காற்று ஏறிவிட்டது. ஃபில்டர் மேலுள்ள ஸ்க்ரூவைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு கை பம்பை அடித்தேன். முதலில் நுரை வந்தது. குமிழி இல்லாமல் டீசல் வரும்வரை அடித்து, ஸ்க்ரூவை இறுக்கி, செல்ஃப் போட்டதும் கொஞ்சம் திணறிவிட்டுப் பிடித்தது. விடாமல் செல்ஃப் அடிக்கக்கூடாது. பத்து செகண்ட் போட்டால் அரை நிமிஷமாவது ஆறவிடணும், இல்லையென்றால் மோட்டாரும் சேர்ந்து போகும்.

டேங்கில் டீசல் இருந்தும் அடிக்கடி இப்படி ஆனால் டீசல் டியூப் கிளிப்பைப் பாருங்கள். இங்கே கிளிப் துருப்பிடித்துத் தளர்ந்துவிடும். டீசல் வெளியே சொட்டாது, காற்றை மட்டும் உள்ளே இழுக்கும். அதனால் கண்ணுக்குப் படவே படாது. இதெல்லாம் பழைய பம்பு வண்டிக்குத்தான். புதுக் காலத்து காமன் ரெயில் டீசல் இன்ஜினில் இன்ஜெக்டர் பைப்பைத் தளர்த்திப் பார்க்காதீர்கள், அந்த பிரஷர் தோலைக் கிழித்துவிடும்.

அரிச்சல்முனை வரை தார் ரோடு வந்தது 2017இல். அதற்கு முன்பு மணலிலும் கடல் தண்ணியிலும் வேன் ஓட்டிய பெரியவர்கள் ராத்திரி வந்ததும் முதலில் வண்டியின் அடிப்பக்கத்துக்கு நல்ல தண்ணி அடிப்பார்கள், அப்புறம்தான் சாப்பாடு. நமக்கு ரோடு வந்ததும் அந்தப் பழக்கம் போய்விட்டது.

கீழக்கரை

காக்காமார்களே (அண்ணன்மார்களே), பெட்ரோல் வேனுக்கு மழைக்காலத்தில் இன்னொன்று உண்டு. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் காலையில் செல்ஃப் நன்றாகச் சுற்றும், பிளக்கில் பொறி வராது. பிளக்குகளுக்கு கரண்ட்டைப் பிரித்துக் கொடுக்கிற டிஸ்ட்ரிப்யூட்டரின் மூடியைக் கழற்றி உள்ளே காய்ந்த துணியால் துடைத்தாலே பாதித் தடவை போதும். துடைத்தும் சரியாகவில்லை என்றால் இருட்டில் ஒருவர் செல்ஃப் போட, இன்னொருவர் பிளக் ஒயரைக் கவனியுங்கள். கை வைக்க வேண்டாம். எங்கே நீலமாகப் பொறி ஓடுகிறதோ அந்த ஒயர் வெடித்திருக்கும். நான் மூடி, ஒயர் எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன், இரண்டு மழைக்காலமாகத் தொந்தரவில்லை.

தொண்டி

பேட்டரி டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளைக்கு கோலா ஊற்றச் சொல்கிறார்களே, ஊற்றலாமா?

மறுபடி தேவிபட்டினம்

கரையும்தான், ஆனால் சர்க்கரை பிசுபிசுப்பு நிற்கும், எறும்பும் வரும். ஆப்ப சோடாவை வெந்நீரில் கலந்து பழைய பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். முதலில் நெகட்டிவைக் கழற்றுங்கள், மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்டுங்கள். சோடாத் தண்ணி பேட்டரி மூடி வழியாக உள்ளே போகக்கூடாது, ஆசிட்டைக் கெடுத்துவிடும். நம்ம காற்றைப் பற்றி நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. இரும்பு எவ்வளவு வேகமாக அரிக்கிறது என்று பார்ப்பதற்கே காரைக்குடி சிக்ரிக்காரர்கள் (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) மண்டபம் ஊரில் ஆய்வு நிலையம் வைத்திருக்கிறார்கள். அதனால் டெர்மினலை ஒருதடவை தேய்த்துவிட்டு மறந்துவிடாதீர்கள். ஆயில் மாற்றும்போதெல்லாம் எர்த் போல்ட்டையும் கழற்றிப் பாருங்கள். ஸ்பேனர் எப்படியும் கையில்தானே இருக்கும்.