வட ஸ்காட்லாந்தில் அலைச்சறுக்கு: அறிந்தவர்களின் வழிகாட்டல் தேவை

வணக்கம். அக்டோபரில் ஸ்காட்லாந்தின் வடகோடிக்கு அலைச்சறுக்குக்காகச் செல்லவிருக்கிறேன். அப்பகுதியை அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன். ஆற்று முகத்துவாரத்தை ஒட்டி, தட்டையான பாறைப் படுகையின்மீது வலப்புறமாக உடையும் தர்சோ ஈஸ்ட் அலையே என்னை ஈர்க்கிறது. வடமேற்கிலிருந்து பேரலை வந்து தெற்குக் காற்றும் வீசும் நாளில், சதுப்பு நிலங்களின் சாயம் ஏறிய ஆற்றுநீர் கலந்து தேநீர் நிறத்தில் எழும் அந்த அலையைப் பார்ப்பதற்காகவே அங்கே போகலாம். ஆனால், மணற்கரைகளில் மட்டுமே பழகிய நான் பாறைமேல் உடையும் அலையில் நேராக இறங்குவது முறையன்று என்பதால், முதலில் மணற்கரைகளான டன்னெட் விரிகுடாவிலோ மெல்விச்சிலோ பழக எண்ணுகிறேன். இவற்றுள் எது, ஓதத்தின் எந்நிலையில் பாதுகாப்பானது? ஸ்காட்லாந்தின் பெருநிலத்துக்கும் ஆர்க்னித் தீவுகளுக்கும் இடையிலுள்ள பென்ட்லண்ட் நீரிணையின் கடும் நீரோட்டம் டன்னெட் கரையருகிலும் உணரப்படுமா? கடல்நீர் 12 டிகிரி அளவில் இருக்கையில் 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள வெட்சூட்டும் (குளிர்நீரில் உடல் வெப்பம் காக்கும் உடை) காலணியும் கையுறையும் போதுமா, தலைமூடியும் வேண்டுமா?