மறு: ஜீப் சத்தங்களுக்குத் தமிழ்ப் பெயர் – வெள்ளிக்குள் வேண்டும்

குழுவினருக்கு வணக்கம்.

ஐடிஐ மாணவர்களுக்கான பழுதறி அட்டவணை ஒன்று வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. நாலு சக்கரமும் இழுக்கும் ஜீப்பில் எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் பாடம். ஷாஃப்ட், அதை வளைந்து சுற்றவிடும் மூட்டான கிராஸ், முன்னும் பின்னும் விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ், இந்தப் பெயர்கள் எல்லாம் அப்படியே இருக்கட்டும், அதில் சண்டை வேண்டாம். சத்தங்களுக்குத்தான் பெயர் இல்லை. ஆக்சிலரேட்டரை மிதித்தால் கிரவுன் பினியன் (ஆக்சிலுக்குள் இருக்கும் பற்சக்கர ஜோடி) பக்கம் எழுந்து, காலை எடுத்தால் மாறுகிற நீண்ட மெல்லிய 'வைன்'. ரிவர்ஸ் போடும்போது ஒரே அடியாக விழும் 'கிளங்க்'. வீல் பேரிங் தேய்ந்தால் வரும் 'ஹம்'. மூன்றுக்கும் 'இரைச்சல்' என்று போட்டால் அட்டவணையே வீண்.

– ஐடிஐ ஆசிரியர்

*

தம்பி, புதிதாக ஏன் ஆக்க வேண்டும்? கம்பலை, சும்மை, கலி, அழுங்கல் நான்கும் அரவப் பொருளில், அதாவது ஒலி என்ற பொருளில், வரும் என்று உரியியலிலேயே தொல்காப்பியர் சொல்லிவிட்டார். நன்னூலாரின் பட்டியல் இன்னும் நீளம்: முழக்கு, இரட்டு, துவை, இமிழ், குளிறு... வைனுக்கு இமிழ், கிளங்குக்குத் துவை, ஹம்முக்கு அழுங்கல். முடிந்தது. இமிழ் என்ற சொல்லை இழக்கவே கூடாது, தமிழ் என்ற பெயரே அதிலிருந்து கிளைத்தது என்பது என் நெடுநாள் எண்ணம், முன்னால் தகரம் ஏறியது எப்படி என்றால்

*

> முன்னால் தகரம் ஏறியது எப்படி

ஐயா, தகரம் ஏறியதை வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் பார்ப்போம், கோபித்துக்கொள்ளாதீர்கள். கடல் இமிழலாம். கிரவுன் போன ஜீப் இமிழ்கிறது என்று பையன் சொன்னால் வண்டிக்காரர் பாராட்டு என்று நினைத்துப் போய்விடுவார். துவை என்றால் எங்கள் பட்டறையில் துணிதான். வைனுக்கு 'ஊளை' போடுங்கள், யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் ஆசிரியரே, பெயரைவிட எப்போது வருகிறது என்பதுதான் முக்கியம். ஓடும்போது நியூட்ரலில் உருளவிட்டு, சத்தம் இன்ஜினோடு அடங்குகிறதா, வண்டி வேகத்தோடு நிற்கிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். வேகத்தோடு நின்றால் ஷாஃப்ட், ஆக்சில், சக்கரம் என்று தேட வேண்டும். காய்ந்த கிராஸ் கீச்சிடும். சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் ஷாஃப்ட் மூன்று நாலு சுற்று சுற்றிவிடும், அதனால் கீச்சும் அடுத்தடுத்து வரும். பேரிங் என்றால் இடப்பக்கம் வளைக்கும்போது பாரம் வலப்பக்கம் போகும், சத்தம் கூடினால் வலது பேரிங்கைச் சந்தேகப்படலாம்.

இன்னொன்றையும் கட்டாயம் சேருங்கள். நடு டிஃபரன்சியல் (முன், பின் ஷாஃப்டுகளை வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் பற்சக்கர அமைப்பு) இல்லாத ஜீப்பைக் காய்ந்த தார் ரோட்டில் 4H-ல், அதாவது நாலு சக்கரமும் இழுக்கும் நிலையில், வைத்துத் திருப்பினால், முன் சக்கரமும் பின் சக்கரமும் வெவ்வேறு தூரம் ஓட வேண்டியிருப்பதால் வண்டி இழுத்துப் பிடிக்கும், டக்கென்று அடிக்கும். அது பழுதே இல்லை. அதற்கு டிரான்ஸ்ஃபர் கேஸைப் பிரித்துப் போட்ட பையனை எனக்குத் தெரியும்.

– பட்டறைக்காரன், கோவை

*

ஊளை நரிக்கு உரியது, எந்திரத்துக்கு ஆகாது. ஹம்முக்கு 'முரல்வு' பொருந்தும், வண்டு முரல்வது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். கிளங்க்? 'இடிப்பு' கூடாது, இன்ஜின் இடிக்கிறது என்று ஏற்கெனவே சொல்கிறோம். 'தட்டு' என்றால் கிளட்ச் தட்டோடு குழம்பும். பற்சக்கரங்களின் பல்லுக்கிடையே ஆட்டம் இருப்பதால் வருவது, ஆகவே 'ஆட்டத்தட்டல்' என்கிறேன்.

– மொழிபெயர்ப்பாளர், சென்னை

*

> ஆட்டத்தட்டல்

அக்கா, ஷாஃப்ட் நீண்டு குறுக விடும் ஸ்லிப் ஜாயிண்ட்டில் கிரீஸ் வறண்டாலும் அதே அடிதான் விழும், அங்கே ஆட்டமே இருக்காது. பெயரிலேயே காரணத்தைச் சொல்லிவிட்டால் பையன் வேறெங்கும் தேடமாட்டான். வெறும் 'தட்டல்' போதும். முரல்வு அழகுதான், ஆனால் பட்டறையில் வண்டு வராது. ரீங்காரம் என்றால் எல்லாருக்கும் புரியும்.

– கோவை

*

ரீங்காரம் தமிழா என்ற கேள்வியை யாரும் கிளப்ப வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன். ஊளைக்கு ஐந்து பேர், இமிழுக்கு இரண்டு பேர். ஊளை, தட்டல், ரீங்காரம் என்று கோத்தாகிவிட்டது. பக்கத்தில் 'எப்போது வரும்' என்று ஒரு பத்தி, அதன் அடியில் 4H விஷயம். எல்லாருக்கும் நன்றி.

– ஐடிஐ ஆசிரியர்

*

என் மாறுபாட்டைப் பதிவுசெய்துகொள்ளவும். இமிழ் பற்றித் தனி இழை தொடங்குகிறேன்.