பேட் காரெட் அண்ட் பில்லி தி கிட்: எந்த வடிவத்தைப் பார்ப்பது?

கேள்வி: சாம் பெக்கின்பா இயக்கிய 1973 கௌபாய் படம் இது. 106 நிமிடம், 122 நிமிடம் என்று இரண்டு வடிவங்கள் சொல்கிறார்கள். முதல்முறை பார்ப்பவன் எதில் தொடங்கலாம்?

பதில்: 122தான், யோசிக்காதீர்கள். 106 என்பது எம்ஜிஎம் ஸ்டூடியோ வெட்டிக் குறைத்தது. நீளமான வடிவம், பல வருடம் கழித்துக் காரெட் சுடப்படுவதில் தொடங்குகிறது. அதைப் பார்த்துவிட்டால், பழைய நண்பன் பில்லியைத் துரத்தும் காரெட்டாக நடித்த ஜேம்ஸ் கோபர்ன் முகத்தில் தெரியும் களைப்பு வேறு மாதிரி உறைக்கும்.

பதில்: ஒப்புக்கொள்கிறேன், ஆனால் ஒரு குறை. ஒரு காட்சியில், ஷெரீஃபாக வரும் ஸ்லிம் பிக்கன்ஸ் குண்டடிபட்டு ஆற்றங்கரைக்கு நடக்கிறார், மனைவியாக வரும் கேட்டி ஹுராடோ அழுதபடி பார்க்கிறார். 122இல் அங்கே வெறும் இசைதான். பாடகர் பாப் டிலன் பாடும் குரல் 106இல் இருக்கிறது. அந்தக் காட்சிக்காக அதையும் அவசியம் பாருங்கள்.

கேட்டவர்: சரி, முதலில் 122, அப்புறம் 106. நன்றி.